எவ்வளவு கறுப்பு வேண்டும்

ஊட்டி கமர்ஷியல் ரோட்டில் மழை.
கடைக்குள் பதினேழு டிவிகளில்
ஒரே கிளி ஒரே நேரத்தில் பறக்கிறது.
ஒன்றில் பச்சை.
ஒன்றில் பச்சையோ பச்சை.
மூலையில் இருப்பதில் மட்டும்
துவைத்துத் துவைத்து வெளுத்த பச்சை.

"கிளியப் பாக்காதீங்க சார்" என்றான் இம்தியாஸ்.
"கறுப்பப் பாருங்க. கறுப்புலதான் காசு."

ஷட்டரைப் பாதி இறக்கினான்.
விளக்கை அணைத்துவிட்டு
எல்லாவற்றிலும் ஒரு நட்சத்திர வானத்தைப் போட்டான்.

எல்இடி என்பது
முதுகுக்குப் பின்னால் விளக்கைப் பிடித்துக்கொண்டு
இருட்டு இருட்டு என்று சத்தியம் செய்வது.
அதன் ராத்திரி, தொட்டபெட்டாவில் விடிகாலை ஐந்தே முக்கால்.
நான்கு மூலையிலும் வெளிச்சம் கசிந்தது,
சாத்தாத கதவிடுக்குப் போல.
கியூஎல்இடி? அதே விளக்கு, சட்டை புதுசு.
மினி எல்இடியில் நிலாவைச் சுற்றி ஒரு புகை.
"அதுக்குப் பேரு ப்ளூமிங் சார்."
பனிமூட்டத்தில் தெருவிளக்கு என்று நாங்கள் சொல்வோம்.

பிறகு ஓஎல்இடி.
ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும்,
தானே செத்துப்போகும்.
நட்சத்திரங்களுக்கு நடுவே
கண்ணாடியும் இல்லை, கடையும் இல்லை.

மூன்று வாரமாகப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.
கேஸ் புக்கின் கடைசிப் பக்கத்தில்
விலை, வாரண்டி, வோல்டேஜ் எல்லாம் கட்டம் போட்டு.
ஒரே செய்திச் சேனலை நாளெல்லாம் ஓடவிட்டால்
அதன் பெயர் திரையிலேயே தங்கிவிடுமாம்.
அதற்கும் துணிந்து, இதுதான் என்று முடிவு.

பியூலா வாய் திறக்கவில்லை.

பிலிம் தொழிற்சாலையில் எனக்கு பாய்லர்,
எட்டு மணி நேரமும் நெருப்பு முகம்.
அவளுக்கு இருட்டுப் பிரிவு. இருபத்தொரு வருஷம்.
சிவப்பு விளக்குகூட ஆகாத இருட்டு.
சுவரைத் தொட்டபடி நடப்பார்கள்,
எதிரே வருபவள்மேல் மோதாமலிருக்க
"வர்றேன், வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே.

ஒருநாள் லீலாமணி சொல்லவில்லை.
கால் இடறியபோதுதான் தெரிந்தது
தரையில் கிடக்கிறாள் என்று.
விளக்கைப் போட முடியாது,
ஒரு ரோல் முழுக்க வீணாகிவிடும்.
கையால் தடவி
நெற்றி எங்கே, மூக்கு எங்கே,
மூச்சு எங்கே என்று தேடியிருக்கிறாள் இவள்.
இருந்தது.
இதை எனக்குச் சொன்னது
கல்யாணமாகி ஒன்பதாவது வருஷம்,
பூண்டு உரித்துக்கொண்டிருக்கும்போது.

இப்போது எழுந்து போய்
அந்த வானத்தின் முன்னால் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தாள்.
திருப்பினாள். மறுபடி திருப்பினாள்.
"இது நெஜமான கறுப்பு தம்பி."
இம்தியாஸ் பில் புக்கைத் தேடினான்.
"இது வேணாம். அந்தக் கசியறது என்ன வெல?"

"மேடம், அது போன வருஷ மாடல்…"
"கசியட்டும்."

பஸ்ஸில் லவ்டேல் வரைக்கும் நான் பேசவில்லை.
பேசினால் கான்ட்ராஸ்ட் பற்றித்தான் பேசியிருப்பேன்.

நாற்பத்து மூன்று அங்குலம். ஸ்டெபிலைசர் இலவசம்.
ஈரம் பூத்த சுவரைத் தவிர்த்து, ஜன்னலுக்கு எதிரே
ஆணி அடித்தாயிற்று.
சனிக்கிழமை ஏதோ ஒரு படம்,
காட்டுக்குள் ராத்திரி, யாரோ ஓடுகிறார்கள்.
யார் என்று தெரியவில்லை. எல்லாம் சாம்பல்.
ஓஎல்இடியாக இருந்தால் தெரிந்திருக்கும்
என்று சொல்லத் திரும்பினேன்.
அந்தச் சாம்பல் வெளிச்சத்தில்
அவள் கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தாள்.
முகம் முழுசாகத் தெரிந்தது.
சொல்லவில்லை.

படம் முடிந்து அணைத்தேன்.
கீழே மிளகளவு ஒரு சிவப்புப் புள்ளி.
"பிளக்கப் பிடுங்கிடவா?"
"இருக்கட்டும்" என்றபடி தண்ணீர் குடிக்க உள்ளே போனாள்.

அப்போது கரண்ட் போனது.
புள்ளியும் போனது.
அடுப்படிப் பக்கமிருந்து, சுவரோரமாக,
"வர்றேன், வர்றேன்."

நான் காலை மடக்கிக்கொண்டேன்.